மாமாவும் அங்கிள், சித்தப்பாவும் அங்கிள்

வெள்ளிமலையில் எங்கள் வீட்டிலிருந்து படிக்க வந்த முதல் ஆள் நான். ஆங்கில வகுப்பில், "ஃபீஸ் கட்டுவது யார்?" என்றதற்கு, "ஸ்மால் ஃபாதர்" என்றேன். வகுப்பே சிரித்தது. சித்தப்பாவை வேறெப்படிச் சொல்றது?

அங்கிள் என்றால் போதுமாம். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் அதற்குள் அடக்கம். கசின் இன்னும் மோசம். பெரியப்பா மகள் எனக்குத் தங்கை, மாமா மகள் முறைப்பெண்; இருவருமே கசின்! (ஊரில் சொன்னால் அடிதான்.)

அங்கிளுக்கு மூலம் 'அவுன்குலுஸ்' என்ற லத்தீன் சொல். அதற்குத் தாய்மாமன் என்றே பொருள். அப்பாவின் சகோதரனுக்கு லத்தீனில் தனிச்சொல் இருந்தது. சித்தப்பாக்கள் பிறகு வந்து ஏறிக்கொண்டவர்கள்!

குழப்பம் வந்தால், 'ஃபாதர்ஸ் யங்கர் பிரதர்' என்று விரித்துச் சொல்லிவிடுங்கள். சித்தப்பாவிடமும் விளக்கினேன். மரவள்ளி விற்ற காசை எண்ணிக்கொண்டே, "ஸ்மால் ஃபாதரே நல்லாருக்குடா" என்றார்.