கட்டியை எடுக்கும் கை

கேள்வி: இதயத்துக்கு ஸ்டென்ட் வைக்கும் மருத்துவரே, பக்கவாதத்தில் மூளையின் ரத்தக்கட்டியையும் எடுக்கலாமா?

பதில்: கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாயைத் தமனிக்குள் செலுத்தப் பழகியிருப்பது பெருந்துணையே, ஆயினும் அது மட்டும் போதாது. மண்டையோட்டுக்குள் ஓடும் தமனிகள் மெல்லிய சுவருடன் வளைந்து நெளிந்து செல்வதால், வழிகாட்டும் கம்பியின் நுனி சற்றே பிசகினாலும் சுவர் துளைபட்டு மூளைக்குள் ரத்தம் கசியக்கூடும். மூளையின் பெரிய தமனி அடைப்புக்கு, கட்டியை எடுக்கும் இச்சிகிச்சை பயன் தருவதை 2015-இல் வெளியான ஐந்து ஆய்வுகள் நிறுவின. தேர்ந்தெடுத்த சிலருக்குப் பக்கவாதம் தொடங்கி 24 மணி நேரம் வரைகூடப் பயனுண்டு என்பது 2018-இல் தெளிவானது.

பயில்பவர் முதலில் சிலிக்கோன் குழாய் மாதிரிகளிலும் கணினிவழிப் பாவனைக் கருவிகளிலும் பழகி, பிறகு தேர்ந்தவரின் மேற்பார்வையில், ஸ்டென்ட் ரிட்ரீவர் என்னும் கம்பிவலையைக் கட்டிக்குள் விரித்து, சில நிமிடம் பொறுத்து, உறிஞ்சியபடியே மெல்ல இழுக்கக் கற்கிறார். இதனினும் கடினமானது, சி.டி. படத்தைப் படித்து, எந்த மூளைப் பகுதி இன்னும் உயிர்ப்புடன் மீட்கத்தக்கதாக உள்ளது, யாருக்கு இச்சிகிச்சை கூடாது என்று நிமிடங்களில் முடிவெடுக்கும் தேர்ச்சி.

ஆகவே நரம்பியல், கதிரியல், நரம்பு அறுவை, இதயவியல் என எத்துறையிலிருந்து வந்தாலும், மூளைத் தமனிகளுக்கென முறையான தனிப்பயிற்சி பெற்றவரே இதைச் செய்யவேண்டும்.