லேசர் புரொஜெக்டர்: விலை கேட்குமுன் மணிக்கணக்கு

புதுச் சரக்கு அறிமுகம், ஊழியர் பயிற்சி, சங்கக் கூட்டம் என்று நம் வணிக அன்பர்கள் பலருக்கும் புரொஜெக்டர் தேவைப்படுகிறது. விசாரிக்கப் போனால், "லேசரே வாங்குங்கள், விளக்கு மாற்றும் வேலையே இல்லை" என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அது நமக்கு லாபமா என்பது வேறு கணக்கு.

பழைய வகையில் பாதரச விளக்கு எரிகிறது. பெரும்பாலும் 3000 முதல் 5000 மணி நேரத்தில் மங்கிவிடும்; புதிது போடவேண்டும். லேசர் வகையில் ஒளி பாதியாகக் குறையவே சுமார் 20,000 மணி ஆகும் என்று தயாரிப்பாளர்கள் குறிக்கிறார்கள்.

நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள் ஓடும் பயிற்சிக் கூடத்திற்கு ஆண்டில் 2400 மணி ஆகிறது. 4000 மணி விளக்கு இரண்டாண்டுகூடத் தாங்காது. லேசர் எட்டாண்டு வரும். அங்கே லேசர்தான் சரி. மாதம் இரண்டு கூட்டம், கூட்டத்திற்கு 3 மணி என்றால் ஆண்டுக்கு 72 மணிதான். பத்தாண்டு ஓட்டினாலும் 720 மணி. மாற்றவே போகாத விளக்கின் செலவை மிச்சம் பிடிக்க, முன்பணமாக அதிக விலை கொடுப்பானேன்? மின்வெட்டு அதிகமுள்ள ஊரானால் மட்டும் யோசிக்கலாம். சூடாக எரியும் விளக்கு மின்விசிறி ஓடாமல் சட்டென்று நின்றால் கெடும்; லேசருக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் லேசர் பகுதியே பழுதானால் விளக்கைப்போல் கழற்றி மாட்ட முடியாது. உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை மணி என்று இரண்டையும் பில்லிலேயே எழுதி வாங்கவேண்டும்.

அடுத்தது வெளிச்சம். இதை லூமன் என்ற அளவால் சொல்வார்கள். பெட்டியின் மேல் வெறும் "லூமன்" என்று பெரிய எண் இருந்தால், அது சாக்கோடு சேர்த்துப் போட்ட எடை மாதிரி. ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ லூமன் எவ்வளவு என்று கேட்டால்தான் நிகர எடை தெரியும். 100 அங்குலப் படம் ஏறக்குறைய 30 சதுர அடி. 200 அங்குலமாக்கினால் 120 சதுர அடி. அதே ஒளி நான்கு பங்கு இடத்தில் பரவி, வெளிச்சம் கால் பங்காகிவிடும். விளக்குகள் எரியும் அலுவலக அறையில் 100 அங்குலத்திற்கு 3000 லூமனாவது வேண்டும். வீட்டில் இரவில் படம் பார்க்க அதில் பாதி போதும்.

வீட்டுக்கென்று சுவரை ஒட்டி வைக்கும் லேசர் வகையும் உண்டு. சுவர் சிறிது மேடுபள்ளமானாலும் படம் நெளியும். குழந்தைகள் குனிந்து லென்சுக்குள் பார்க்காதபடியும் கவனிக்கவேண்டும்.

ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. தொழிலுக்காகக் கடை பெயரில் வாங்கினால் உள்ளீட்டு வரி கிடைக்கும். காம்போசிஷனில் இருப்பவர்களுக்குக் கிடையாது.

விற்கும் இடத்தில் இருட்டறையில்தான் காட்டுவார்கள். விளக்கைப் போடச் சொல்லி, சினிமாவுக்குப் பதில் நம் விலைப்பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பைசாப் புள்ளி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பேரம் பேசலாம்.