மருவுக்குச் சுண்ணாம்பு வேண்டாம்

கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் மரு பெரும்பாலும் ஆபத்தில்லாதது. தாலிக்கொடியோ செயினோ உரசி உறுத்தினால் எடுத்துவிடலாம். ஆனால் சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்து வைப்பது, தலைமுடியால் இறுகக் கட்டுவது இரண்டும் வேண்டாம். காரம் மருவோடு நிற்காது. சுற்றியுள்ள தோலும் வெந்து தழும்பாகும். தோல் மருத்துவர் மரத்துப்போக மருந்து கொடுத்து, சில நிமிடங்களில் சுட்டோ வெட்டியோ எடுத்துவிடுவார். பியூட்டி பார்லர் போர்டைப் பார்த்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

மச்சத்தின் கதை வேறு. ஒரு பாதி மறுபாதி போல இல்லை, ஓரம் பிசிறடிக்கிறது, ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், கொஞ்ச நாளில் மாறிக்கொண்டே வருகிறது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளங்காலையும் நகத்தடியையும் மறக்க வேண்டாம். மருதாணி பூசியிருந்தால் அங்கே எதுவும் கண்ணில் படாது. புற்றுநோயோ என்று சந்தேகம் தரும் மச்சத்தை லேசரால் பொசுக்கவே கூடாது. பயாப்சிக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது.

மரு நிறைய முளைத்து, பிடரியும் கறுத்திருந்தால் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருவை எடுக்கும் முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். எடுத்த இடத்தில் பொருக்கு கட்டும்; அரித்தாலும் பிய்க்காமல் தானாக உதிர விடுங்கள்.