தகரப் பீப்பாய்க்கும் ஒரு குரல் உண்டு

அன்புத் தங்கைக்கு,

இசைக் கச்சேரி என்றதும் மேடையும் நாற்காலி வரிசையும் உன் நினைவுக்கு வரும். இரண்டும் இல்லாத ஒரு கச்சேரியைப் பற்றியது இந்தக் கடிதம்.

1973 கோடையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், சொகோருவா என்ற சிற்றூரில் இளம் இசைக் கலைஞர்களுக்கு ஒரு பட்டறை நடந்தது. அங்கே உருவானதுதான் டேவிட் டியூடரின் 'ரெயின்ஃபாரஸ்ட் 4'. எண்ணெய்ப் பீப்பாய், கட்டிலின் சுருள்வில், கண்ணாடி, உலோகத் தகடு எனப் பழைய பொருள்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன. ஒன்று முனகுகிறது, ஒன்று கீச்சிடுகிறது, ஒன்று ரீங்கரிக்கிறது. வந்தவர்கள் அவற்றுக்கு நடுவே நடக்கிறார்கள். சிலர் பீப்பாய்க்குள் தலையை நுழைத்துக் கேட்கிறார்கள். கலைஞர்களோ எழுதிவைத்த ஸ்வரக் குறிப்பு ஏதுமின்றிப் பல மணி நேரம் வாசிக்கிறார்கள்.

டியூடர் (1926–1996) முதலில் பியானோ கலைஞர். இசையமைப்பாளர் ஜான் கேஜின் புகழ்பெற்ற '4 நிமிடம் 33 விநாடி'யை 1952-இல் முதன்முதலாக மேடையேற்றியவர் அவரே. அதில் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கப்படுவதில்லை. அரங்கில் தானாக எழும் ஓசைகளைக் கேட்பதே அந்தப் படைப்பு. காலப்போக்கில் டியூடர் பியானோவை விட்டு மின்னணுக் கருவிகளின் பக்கம் திரும்பினார். 1968-இல் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனம் ஒன்றுக்காக, சிறு பொருள்களை அதிரவைத்து 'ரெயின்ஃபாரஸ்ட்'டின் முதல் வடிவத்தைச் செய்தார். 1969-இல் அகமதாபாத்துக்கு வந்து, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சின்தசைசருடன் ஒரு மின்னணு இசைக்கூடம் அமையத் துணைநின்றார். 'ரெயின்ஃபாரஸ்ட்'டின் சிறிய பொருள்கள் பெரியவையாகி ஒரு கூடத்தையே நிறைத்தது நான்காம் வடிவத்தில்தான்.

இது எப்படி இயங்குகிறது? சாதாரண ஒலிபெருக்கியில் ஒரு காகிதக் கூம்பு அதிர்ந்து காற்றை அசைக்கிறது. அந்தக் கூம்பை எடுத்துவிட்டு, அதிரும் பகுதியான அதிர்வூட்டியை மட்டும் பீப்பாயின் உடம்பில் இறுக்கிப் பொருத்தினால் பீப்பாயே ஒலிபெருக்கியாகிவிடும். ஆனால் அனுப்பியதை அது அப்படியே திருப்பித் தராது. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் அளவு, தடிமன், மூலப்பொருளைப் பொறுத்து இயல்பான அதிர்வெண்கள் சில உண்டு. அவற்றோடு பொருந்தும் ஒலி பெருகும், மற்றவை அமுங்கிப்போகும். பொருளின் மேல் ஒட்டிய தொடு ஒலிவாங்கி, அந்த நுண்ணிய அதிர்வுகளைப் பிடித்துக் கூடத்தின் பெரிய ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும். இப்படி ஒரே பொருளை அருகில் ஒருவிதமாகவும் தொலைவில் வேறுவிதமாகவும் கேட்கலாம்.

இங்கேதான் மனோதர்மம், அதாவது அந்தந்தக் கணத்தில் கற்பனையால் இசைப்பது, வருகிறது. ராக ஆலாபனையில் பாடகரின் கற்பனைக்கு ராகம் எல்லை வகுக்கிறது. இங்கே அந்த எல்லையைப் பொருள் வகுக்கிறது. எந்த ஒலியை அனுப்பினால் இந்தத் தகடு உயிர்பெறும் என்று தேடுவதே கலைஞரின் வேலை. அனுப்புகிறார், பதிலைக் கேட்கிறார், அதற்கேற்ப அடுத்ததை அனுப்புகிறார். விரல் வேகத்தைவிடக் காதின் பொறுமைதான் இங்கே பெரிய திறமை. டியூடரோடு வாசித்த ஜான் டிரிஸ்கால், ஃபில் எடெல்ஸ்டைன், பின்னாளில் வீடியோ கலையில் உலகப்புகழ் பெற்ற பில் வயோலா போன்ற இளைஞர்கள் தங்கள் பொருள்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து, தங்கள் ஒலிகளைத் தாங்களே உருவாக்கினார்கள்.

நீயும் தொடங்கலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளில், தொடு ஒலிவாங்கியாகப் பயன்படும் பீசோ தகடு மலிவாகவே கிடைக்கும். அதில் ஒயரைப் பற்றவைத்து, எவர்சில்வர் குடத்தின் மேல் ஒட்டி, சிறிய ஆம்ப்ளிஃபையரில் இணைத்துவிடு. ஒலியளவை முதலில் குறைவாகவே வை. விரல் நகத்தால் வருடு, அரிசியைத் தூவு, தண்ணீர் ஊற்றி மறுபடியும் கேள். அதிர்வூட்டியும் கிடைத்தால், அதைக் குடத்தில் பொருத்தி, மிகத் தாழ்ந்த சுருதியிலிருந்து மெல்ல மேலேறும் ஒலியை அனுப்பு. சில இடங்களில் குடம் திடீரென்று உரக்க ஒலிக்கும். அந்த இடங்களைக் குறித்துக்கொள். அவையே அதன் ஸ்வரங்கள். பிறகு தோழிகளையும் அவரவர் பொருளோடு அழைத்து உட்கார வை. ஒருவரின் பொருள் பேசும்போது மற்றவர்கள் அடங்கிக் கேட்க வேண்டும் என்ற ஒரே விதி போதும்.

'ரெயின்ஃபாரஸ்ட்'டின் ஐந்தாம் வடிவத்தை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2019-இல் காட்சிக்கு வைத்தது. அதில் வாசிப்பவர்கள் இல்லை. நிறுவல் தானே இயங்குகிறது. பொருள்களின் குரலைக் காப்பாற்ற அது நல்ல வழி. ஆனால் கேட்டுக் கேட்டு மறுமொழி சொல்லும் அந்த மனிதப் பங்கு, அடுத்தடுத்து யாராவது பழகினால்தான் தொடரும். இந்த விடுமுறையில் ஒரு குடத்தோடு நீ அதைத் தொடங்கு.