மோட்டார்த் தண்டில் பற்சக்கரத்தை நிலைபெறச் செய்தல்

மின்மோட்டாரின் சுழற்சியை வண்டிச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது, மோட்டார்த் தண்டின் நுனியில் அமைந்த சிறு பற்சக்கரமாகும். இது தண்டின்மேல் வழுக்குமாயின் மோட்டார் வீணே சுழலும். வழுக்கியபின் சாய்ந்து இறுகுமாயின் ஓடும் சக்கரமே பூட்டிக்கொள்ளும். இருசக்கர மின்வண்டியில் இதன் பயன் யாதெனின், ஓட்டுபவர் சாலையில் வீழ்தலே. ஆதலின் இச்சிறு பொருத்தம் அதன் அளவைக் காட்டிலும் மிகுந்த கவனத்துக்கு உரியது.

இத்தொழிலை மும்பை நகரம் நெடுங்காலமாக அறியும். 1925 பிப்ரவரி 3ஆம் நாள் இந்தியாவின் முதல் மின்ரயில் அந்நகரின் விக்டோரியா நிலையத்திலிருந்து குர்லாவுக்கு ஓடிற்று. அன்று அமைந்த 1,500 வோல்ட் நேர்மின் முறை, செம்பூர் வழியே செல்லும் துறைமுகப் பாதையில் 2016 ஏப்ரல் வரை நீடித்துப் பின்னர் 25,000 வோல்ட் மாறுமின் முறைக்கு இடந்தந்தது. 1915இல் நிறுவப்பெற்ற மாதுங்கா பணிமனையில் புறநகர் மின்ரயில் பெட்டிகள் இன்றும் செப்பனிடப்படுகின்றன. மின்சார முறை மாறினும் மோட்டாரின் தண்டைப் பற்சக்கரம் பற்றும் தத்துவம் மாறவில்லை.

ரயில் மோட்டாரின் தண்டு நுனி, சிறிதே குவிந்த கூம்பாகக் கடையப்படும். பற்சக்கரத்தின் துளையும் அதே சரிவுடையது. சக்கரத்தைச் சூடாக்கினால் துளை விரியும். அந்நிலையில் அதைத் தண்டின்மேல் ஏற்றிவிட்டால், ஆறுங்கால் சுருங்கித் தண்டை இறுகப் பற்றும். நம் ஊர்க் கொல்லர் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றுவதும் இம்முறையிலேயே. பட்டையை வறட்டித் தீயிலிட்டுக் காய்ச்சி, மரச் சக்கரத்தின்மேல் இறக்கி, உடனே நீர் வார்ப்பர். ஆசிரியர்கள் இவ்வுதாரணத்தினின்று பாடத்தைத் தொடங்குவது நலம்.

எவ்வளவு விரியும் என்று கணக்கிடலாம். துளையின் விட்டம் 80 மில்லிமீட்டர் என்றும், வெப்பநிலை உயர்வு 120 டிகிரி என்றும் கொள்வோம். எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரிவதால், விட்டம் 0.115 மில்லிமீட்டர் பெருகும். கூம்பின் சரிவு பத்துக்கு ஒன்றாயின், சக்கரம் தண்டின்மேல் 1.15 மில்லிமீட்டர் கூடுதலாக முன்னேற இயலும். எனவே, குளிர்ந்த நிலையில் சக்கரம் நின்ற இடத்தையும், சூடேற்றி ஏற்றியபின் நின்ற இடத்தையும் அளந்தால், பிடியின் வலிமையை அறியலாம். இம்முன்னேற்றம் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்திருந்தால் அப்பொருத்தம் ஏற்கத்தக்கதன்று. தீச்சுடரை நேரே காட்டுதல் கூடாது; பற்களின் கடினத்தன்மை கெடும்.

ஏற்றுவதற்கு முன் துளையும் தண்டும் எங்கும் படிகின்றனவா என்பதையும் ஆராய வேண்டும். தண்டின்மேல் நீலச் சாயத்தை மெல்லிதாகப் பூசிச் சக்கரத்தை இட்டு எடுத்தால், சாயம் ஒட்டிய பரப்பு உண்மையைக் காட்டிவிடும். பின்னர் சாயத்தையும் எண்ணெயையும் முற்றும் துடைத்துவிட வேண்டும்.

இனி சிறு மின்ஸ்கூட்டருக்கு வருவோம். 250 வாட் ஆற்றலுடன் நிமிடத்துக்கு 2,650 முறை சுழலும் மோட்டார் 0.9 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். தண்டின் விட்டம் 8 மில்லிமீட்டர் எனில், அதன் பரப்பில் செயற்படும் விசை 225 நியூட்டன். அதாவது சுமார் 23 கிலோகிராம் எடைக்கு ஒப்பானது. புறப்படும்பொழுது இது பன்மடங்காகும். தடையிடும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறும் வண்டிகளில் விசையின் திசையும் மாறும். இங்ஙனம் முன்னும் பின்னும் மாறி மாறித் தள்ளப்படுவதே சிறு தளர்வைப் பெருந்தளர்வாக்குகிறது.

இத்தகைய தண்டுகளில் ஒரு புறம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். அல்லது காடி வெட்டி, பட்டறைக்காரர் ‘கீ’ எனப் பெயரிட்டழைக்கும் எஃகுத் துண்டு இடப்படும். நீள்சதுரக் கீயானது காடியின் இரு பக்கங்களிலும் இறுகப் பொருந்த வேண்டும். மேற்புறத்தில் சிறிது இடைவெளி வேண்டும். மேற்புறம் முட்டுமாறு அடித்து இறக்கினால் சக்கரம் மையம் விலகும். தண்டின் நுனியிலுள்ள நட்டின் வேலை, சக்கரம் வெளியே நகராமற் காப்பதே, முறுக்குவிசையைத் தாங்குவதன்று. கீ தேய்ந்த வண்டியில் நட்டை மேன்மேலும் இறுக்குவோர் பலர். அதனால் திருகுமரை அறுவதன்றிப் பயன் யாதுமில்லை.

சக்கரத்தைத் தண்டோடு பற்றவைத்துவிடும் பழக்கத்தையும் காண்கிறோம். அன்றைய தொல்லை அத்துடன் தீரும் என்பது மெய்யே. ஆயினும் அவ்வெப்பம் தண்டின் வழியே பேரிங்கின் மசகை எரிக்கும். காந்தங்களைச் சென்றடையின் அவற்றின் வலிமையைக் குறைக்கும். சாதாரண நியோடிமியக் காந்தம் 80 டிகிரி செல்சியசுக்கு மேல் பழுதாகத் தொடங்குவது. சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் தீங்கே. மோட்டாரின் மறுமுனையில் தண்டுக்கு முட்டுக் கொடாமல் அடித்தால், ஒவ்வோர் அடியும் பேரிங்கின் குண்டுகளில் தழும்பாகப் பதியும்.

பொருத்தம் தளர்வதை முன்னறிய ஓர் அடையாளம் உண்டு. சக்கரத்தின் ஓரத்தில், தண்டைச் சுற்றிச் செம்பழுப்பு நிறமான நுண்பொடி கசியும். நுண்ணிய அசைவினால் எஃகு தேய்ந்து துருவானதே அப்பொடி. பார்வைக்கு மழைநீரால் வந்த துருப்போல் தோன்றும். துடைத்துவிட்டுச் சில நாள் ஓட்டியபின் அதே இடத்தில் மீண்டும் காணப்பட்டால், நட்டைத் தொடாமல் சக்கரத்தைக் கழற்றிக் காடியையும் கீயையும் அளந்து பார்க்க வேண்டும். காடி அகன்றிருப்பின் புதுக் கீ மட்டும் இடுதல் போதாது. தண்டையோ சக்கரத்தையோ, எது தேய்ந்ததோ அதனை மாற்றுதல் வேண்டும்.