ஆகாயத்திலிருந்து தொங்கும் பாதை



விண்வெளிக்கு மின்தூக்கி அமைக்கலாம் என்கிறார்களே, அத்தனை உயரமான கட்டடம் தன் பாரத்தாலேயே நொறுங்கிவிடாதா என்று கேட்டு எழுதியிருந்தாய். நியாயமான சந்தேகம். 1895-இல் ருஷ்ய தேசத்து ஆசிரியர் த்ஸியல்கோவ்ஸ்கி, பாரிஸ் நகரத்து ஐஃபெல் கோபுரத்தை மனத்தில் கொண்டு இதைக் கற்பனை செய்தபோது, அவரும் தரையிலிருந்தே கட்டிக்கொண்டு போனார். 1960-இல் லெனின்கிராட் பொறியாளர் யூரி ஆர்த்சுதானவ்தான், கீழிருந்து எழுப்ப வேண்டாம், மேலிருந்து தொங்கவிடலாம் என்று எழுதி, அந்த எண்ணத்தையே தலைகீழாகத் திருப்பினார்.

பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி ஒருமுறை சுழலும் நேரத்திலேயே அதனை ஒருமுறை வலம் வந்துவிடும் துணைக்கோள், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதாகத் தோன்றும். அங்கிருந்து ஒரு கயிற்றைக் கீழ்நோக்கி இறக்கிக்கொண்டே, அதற்கு ஈடாக வெளிப்புறமும் நீட்டிச் சென்று, கடைசி முனையில் ஓர் எடையைக் கட்டிவிட்டால், ஒருபுறம் புவியீர்ப்பும் மறுபுறம் சுழற்சியின் விலகுவிசையும் இழுக்க, அது விறைத்து நிற்கும். ஆழ்கிணற்றில் தொங்கும் தாம்புக்கயிற்றின் பாரம் முழுவதையும் ராட்டினத்தை ஒட்டிய பகுதியே தாங்குவதுபோல, இங்கும் அந்த உயரத்தில்தான் இழுவிசை உச்சம் அடைகிறது. ஆகவே கயிறு அங்கே பருத்தும், இரு முனைகளை நோக்கி மெலிந்தும் இருக்க வேண்டும்.

அந்தக் கயிற்றைப் பற்றி மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும் பெட்டி அவ்விடம் சேர ஏழரை நாள் ஆகும். விண்வெளி நிலையம் சுற்றுகிற 400 கிலோமீட்டர் உயரத்தைக் கடக்கும்போது, இதில் ஏறிச் செல்பவன் மிதக்கமாட்டான். தரையில் இருந்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அவனுக்கு அங்கும் இருக்கும். நிலையத்தில் இருப்போர் மிதப்பதற்குக் காரணம், நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேற்பட்ட அதன் வேகம். பெட்டியில் எடை சிறுகச் சிறுகக் குறைந்து, 35,786-ஆம் கிலோமீட்டரில் அற்றுப்போய், அதற்கும் அப்பால் சென்றால் கூரையே தரையாகிவிடும்!

இதன் பிரயோஜனம் என்ன? ராக்கெட் சுமக்கும் பாரத்தில் பெரும்பகுதி அதன் எரிபொருளே. இதிலோ, விரயம் இல்லாதபட்சத்தில், ஒரு கிலோ பொருளை அவ்வளவு உயரம் ஏற்றச் சுமார் 13 யூனிட் மின்சாரம் போதும், பக்கவாட்டு வேகத்தைப் பூமியின் சுழற்சியே கொடுத்துவிடும். சுமார் 47,000 கிலோமீட்டருக்கு அப்பால் அவிழ்த்துவிடப்படும் கலம், எஞ்சின் இன்றியே பூமியின் பிடியிலிருந்து நீங்கிப் போகும். ஆயினும், பழுதுற்ற கருவிகளைப் பத்திரமாகக் கீழே இறக்கிச் செப்பனிட முடியும் என்பதையே நான் பெரிய அநுகூலமாகக் கருதுகிறேன்.

இவ்வளவு நீண்ட கயிற்றுக்கு எஃகு உதவாது. நம்பிக்கை கார்பன் நானோ குழாய்களின்மேல் இருக்கிறது. சீன விஞ்ஞானிகள் 2013-இல் அறிவித்த மிக நீண்ட குழாயோ அரை மீட்டர்தான். பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களை மெல்லக் கடப்பது உடலுக்கு ஆபத்து என்பதால், முதலில் சரக்கு மட்டுமே ஏறட்டும்.

இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் கிளார்க் இந்த மின்தூக்கியை வைத்து 1979-இல் நாவல் எழுதியபோது, அத்தீவையே தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் வைத்தார். ஏன் என்பது இப்போது உனக்கு விளங்கும். 35,786 என்ற எண் எப்படி வந்தது என்பதைக் கெப்ளரின் மூன்றாம் விதியைக் கொண்டு நீயே கணக்கிட்டு, அடுத்த கடிதத்தில் எழுது.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா