பாட்டி வீட்டுச் சோலார்: முதலில் கணக்கு, அப்புறம் பேனல்

நான் மின்னியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். சோலாரைப் பற்றி வாயைத் திறந்தாலே எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "டி.என்.பி. பில் குறையுமா?" என்பதுதான். பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாமே கையால் செய்கிற சின்ன சிஸ்டத்தால் பில் குறையாது. நான் பாட்டி வீட்டில் வைத்திருப்பது மாதத்துக்கு ஏறக்குறைய 10 யூனிட் தருகிறது. ஒரு யூனிட்டுக்கு 50 காசு என்று தாராளமாக வைத்தாலும் 5 வெள்ளிதான் மிச்சம். நான் போட்டது 1,500 வெள்ளிக்குப் பக்கம். போட்ட பணம் திரும்பி வர 25 வருடம் ஆகும்!

அப்புறம் ஏன் செய்தேன்?

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய லயத்து வீட்டில் தனியாக இருக்கிறார். சாயங்காலம் இடி மழை வந்தால் அங்கே கரண்ட் போகும். சில நாள் அரை மணி நேரம், சில நாள் விடியும் வரை. போன வருடம் அப்படி ஓர் இரவில் மெழுகுவர்த்தி தேடிப் போனவர், அடுப்படிப் படியில் தவறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. "கரண்டு படிக்கிற பேரன் இருக்கான், வீட்டுல வெளக்கு இல்ல" என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செமஸ்டர் விடுமுறையில் உடனே கிளம்பினேன். ஒரு 50 வாட் பேனல், நண்பனின் காடியிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி, கடையில் மலிவாகக் கிடைத்த 1.5 எம்.எம். வயர். இரண்டு மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் அனுப்பினேன். எல்லாரும் பாராட்டினார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் மூன்று தப்பு செய்திருந்தேன். பாடப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதிய விஷயங்கள்தான் மூன்றும்.

முதல் தப்பு, பேட்டரி. காடி பேட்டரி இஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சில வினாடிகளுக்குப் பெரிய கரண்ட் கொடுப்பதற்காகச் செய்தது. உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் மெல்லியவை. இரவு முழுக்க மெதுவாக இழுத்துக் காலி செய்தால் அது தாங்காது. ஐந்து மாதத்தில் செத்துவிட்டது.

இரண்டாவது தப்பு, கணக்கே போடாதது. கையில் கிடைத்த பேனலை வாங்கினேன், வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்க்கவில்லை.

மூன்றாவது தப்புதான் பெரியது. பேட்டரியில் பியூஸ் போடவில்லை. இரண்டாவது வாரக் கடைசியில் நான் அங்கே இருந்தபோது, ஜிங்க் தகட்டின் ஓரத்தில் வயர் உரசி உரசித் தோல் கிழிந்து ஷார்ட் ஆனது. 12 வோல்ட்தானே, என்ன செய்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். தொட்டால் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் ஷார்ட் ஆகும்போது ஒரு காடி பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ளும். அந்த மெல்லிய வயர் அடுப்புக் கம்பி மாதிரி சிவந்தது, தோல் உருகிப் பலகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு புகைந்தது. ஈரத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பேட்டரியின் கிளிப்பைப் பிடுங்கினேன். நான் விடுதியில் இருக்கும் நாளில் இது நடந்திருந்தால்? பாட்டி தூங்கும் அறை அந்தச் சுவருக்கு மறுபக்கம்.

எல்லாவற்றையும் கழற்றினேன். அடுத்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். அந்தக் கணக்கைத்தான் இப்போது உங்களோடு பார்க்கப் போகிறேன்.

பாட்டிக்கு என்ன தேவை? 7 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று, தினம் 5 மணி நேரம்: 105 வாட்-மணி. 20 வாட் டி.சி. காற்றாடி ஒன்று, 10 மணி நேரம்: 200. ரேடியோ 5 வாட், 5 மணி நேரம்: 25. கைப்பேசிக்கு 20. மொத்தம் 350 வாட்-மணி. ஐஸ் பெட்டியும் சோறு குக்கரும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். சூடு பண்ணும் சாமான், குளிர் பண்ணும் சாமான் இரண்டும் சின்ன சிஸ்டத்தைத் தின்றுவிடும். 600 வாட் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 300 வாட்-மணி போச்சு, பாட்டியின் ஒரு நாள் கணக்கே கிட்டத்தட்ட முடிந்தது.

வயரில், கன்ட்ரோலரில், பேட்டரியில், சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நஷ்டம் உண்டு. அதனால் 350-ஐ 0.75-ஆல் வகுத்தேன். 467 வந்தது. நம் நாட்டில் காலை ஏழுக்கே வெளிச்சம் வந்துவிட்டாலும், பேனலுக்கு முழு வெயில் என்று கணக்கு வைக்க நாளுக்கு 4 மணி நேரம்தான் பத்திரமான எண். மதியத்துக்குமேல் மேகம் கூடிவிடும். 467-ஐ 4-ஆல் வகுத்தால் 117 வாட். மழைக் காலத்தையும் பின்பக்கத்துப் பலாமர நிழலையும் நினைத்து 200 வாட், அதாவது 100 வாட் பேனல் இரண்டு வாங்கினேன்.

பேனலில் எழுதியிருக்கும் 100 வாட் என்பது 25 டிகிரி சூட்டில் அளந்தது. மத்தியான வெயிலில் பேனல் 60 டிகிரியை எளிதில் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும் என்று வைத்தால், 35 டிகிரிக்கு 14 சதவீதம் போய்விடுகிறது. ஆகவே பேனலைத் தகட்டோடு ஒட்டி வைக்காதீர்கள். அடியில் காற்றுப் போக ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் படுக்கையாக வைத்தாலே போதும். ஆனாலும் 10 டிகிரி சாய்வு கொடுத்தால் மழை தானாகத் தூசியைக் கழுவிவிடும்.

கூரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய லயத்து வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கலாம். அதில் ஏறினால் உடைந்து உள்ளே விழுவீர்கள். துளை போட்டால் அந்தத் தூசு நுரையீரலுக்குப் போகும். நான் கூரையைத் தொடவே இல்லை. பின்பக்கம் தரையில் இரும்புக் குழாயில் சட்டம் அடித்து நிறுத்தினேன். தாத்தா காலத்து மண்வெட்டியால் குழி தோண்டியதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி.

பேட்டரிக்கு வருவோம். இரண்டு நாள் வெயில் வராவிட்டாலும் ஓட வேண்டும் என்றால் 700 வாட்-மணி தேவை. ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்யக்கூடாது. அப்படியென்றால் 12 வோல்ட், 120 ஆம்பியர்-மணி அளவு வேண்டும். தூக்க இரண்டு பேர் வேண்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவும் வரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 100 ஆம்பியர்-மணி என்றால் 1,280 வாட்-மணி. 80 சதவீதம் எடுத்தாலும் 1,000-க்குமேல் கிடைக்கும். விலை அதிகம்தான், ஆனால் பல வருடம் உழைக்கும். என் செலவில் பாதி இதற்கே போனது, வருத்தமில்லை. உள்ளே பாதுகாப்பு சர்க்கியூட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கன்ட்ரோலரில் பேட்டரி வகையை லித்தியம் என்று மாற்ற மறக்காதீர்கள். ஈய பேட்டரிக்கான அமைப்பில் விட்டால் சில கன்ட்ரோலர்கள் அவ்வப்போது 15 வோல்ட் வரை ஏற்றும், லித்தியத்துக்கு அது ஆகாது.

கன்ட்ரோலர் 20 ஆம்பியர் எம்.பி.பி.டி. வகை, 100 வோல்ட் வரை தாங்கும். இரண்டு பேனலையும் சீரீஸில் போட்டேன். காரணம் வயர். 12 வோல்ட் சிஸ்டத்தில் நம் எதிரி வயரின் தடைதான். பேனல் நிற்கும் இடத்திலிருந்து கன்ட்ரோலர் வரை 10 மீட்டர் என்று வையுங்கள். போக வர 20 மீட்டர் செம்பு. 4 எம்.எம். வயரில் தடை ஏறக்குறைய 0.086 ஓம். பேரலலில் 18 வோல்ட், 11 ஆம்பியர் ஓடும், வழியிலேயே 0.95 வோல்ட், அதாவது 5 சதவீதம் தொலையும். சீரீஸில் 36 வோல்ட், 5.5 ஆம்பியர்; தொலைவது 1.3 சதவீதம்தான். அதே வயர், அதே பேனல். என் முதல் முயற்சியின் 1.5 எம்.எம். வயரில் 5 ஆம்பியர் ஓட்டினால் 10 மீட்டருக்கு ஒரு வோல்ட்டுக்குமேல் காணாமல் போயிருக்கும். காற்றாடி ஏன் கிழவி நடை நடந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது பியூஸ். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அங்கிருந்து கன்ட்ரோலருக்கு 6 எம்.எம். வயர், 30 ஆம்பியர் பியூஸ். கன்ட்ரோலரிலிருந்து விளக்குகளுக்கும் காற்றாடிக்கும் போகும் வயருக்கு 10 ஆம்பியர். பியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை. ஆகவே வயர் தாங்கும் அளவைவிடக் குறைவாகவும், சாதாரணமாக ஓடும் கரண்டைவிட அதிகமாகவும் இருக்க வேண்டும். எரிந்துபோனால் பெரியதாகப் போட்டுச் சமாளிக்காதீர்கள். ஏன் எரிந்தது என்று தேடுங்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் சாதாரண ஏ.சி. பிரேக்கரை இங்கே போடலாமா? கூடாது. ஏ.சி. கரண்ட் வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுகிறது, அந்த இடைவெளியில் தீப்பொறி அணைந்துவிடும். டி.சி. அப்படி நிற்காது. பிரிந்த முனைகளுக்கு நடுவே தீப்பொறி பாலம் கட்டி எரிந்துகொண்டே இருக்கும். டி.சி. என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

இணைக்கும் வரிசையும் உண்டு: முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது நேர்மாறு. பேட்டரியைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் தன்னை அமைத்துக்கொள்ளும். பேனலுக்கு சுவிட்ச் கிடையாது, வெளிச்சம் பட்டாலே உயிர் வந்துவிடும். நான் கனமான போர்வையால் மூடி வைத்துவிட்டு வேலை செய்தேன். ஒவ்வொரு முனையையும் மல்டிமீட்டரால் பார்த்துப் பிளஸ், மைனஸ் உறுதி செய்த பிறகே முடுக்கினேன். இடி கேட்டால் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்துவிடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டி.என்.பி. வயரிங்கோடு இதைச் சேர்க்கவே கூடாது. பாட்டி வீட்டில் சோலார் விளக்குகளுக்குத் தனி வயர், தனி சுவிட்ச். பிளாக்அவுட் நேரத்தில் இன்வர்ட்டரைச் சுவர் பிளக்கில் சொருகி வீடு முழுக்க எரிய வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். என் வகுப்பு நண்பனே சொன்னான். அப்படிச் செய்தால் உங்கள் 230 வோல்ட் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடக்கூடும். கரண்ட் இல்லை என்று நம்பி மழையில் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரும் யாரோ ஒருவருடைய பேரன்தான். வீட்டு வயரிங்கில் கை வைக்க வேண்டுமானால் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். கூரை முழுக்கப் பேனல் போட்டு பில்லைக் குறைப்பது வேறு வழி. அதற்கு சேடாவில் பதிவு பெற்ற நிறுவனம், டி.என்.பி. அனுமதி எல்லாம் வேண்டும். 2016-இல் தொடங்கிய நெட் மீட்டரிங் திட்டத்தின் விதிகள் பலமுறை மாறியிருக்கின்றன, விண்ணப்பிக்கும் நேரத்தில் நடப்பில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் பேனலைத் துடைப்பேன், முனைகளை முடுக்கிப் பார்ப்பேன், வயரில் எலி கடித்திருக்கிறதா என்று தேடுவேன். பலாமரத்தின் ஒரு கிளையை வெட்ட மூன்று மாதமாக அனுமதி கேட்கிறேன். "காய்ச்சி முடியட்டும்டா" என்கிறார் பாட்டி. அந்தக் கிளையால் மாலை மூன்று மணிக்குமேல் ஒரு பேனல் பாதி தூங்குகிறது. ஆனால் 200 வாட் வாங்கியதே அந்த நிழலுக்காகத்தானே, கிளை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் பெரிய மழை, லயமே இருட்டு. பாட்டி எனக்குப் போன் செய்தார். பதறிப்போய் எடுத்தேன். "ஒண்ணுமில்லடா, பக்கத்து வீட்டுப் புள்ளைங்க இங்க வந்து வீட்டுப்பாடம் எழுதுதுங்க, காத்தாடி இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்னு கேக்குதுங்க" என்றார். கன்ட்ரோலரில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டேன். 13.1 என்று படித்துச் சொன்னார். விடியும் வரை ஓடும் என்றேன்.

பலகைச் சுவரில் கறுத்த அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. பாட்டி அதன்மேல் காலண்டரைத் தொங்கவிட்டிருக்கிறார். நான் போகும்போது மட்டும் காலண்டர் கொஞ்சம் விலகியிருக்கும்.